பொய் மணிக்கு ஓடுவது எப்படி

"மேடம், இனிமே இந்த மணிக்கு என்னால ஓட முடியாதுங்க" என்றார் மகுடபதி.

நிலைய அலுவலர் பெர்னதெத் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கால் வலியா அண்ணே?"

"கால் நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்புறம்?"

"மணிதாங்க பொய்."

அது பஞ்சாலைகள் நிறைந்த ஊர். ஊருக்கு ஒரே தீயணைப்பு நிலையம். நிலையத்துக்கு ஒரே வண்டி.

ஒரு பஞ்சாலை நிர்வாகம் தன் பெண் தொழிலாளர்களுக்காக ஆறு மாடியில் விடுதி கட்டியிருந்தது. அறைக்கு அறை கூரையில் புகையைக் கண்டுபிடிக்கும் சென்சார். எந்த அறையில் புகை பட்டாலும் விடுதியில் மணி அடிக்கும். கம்பி வழியாகத் தீயணைப்பு நிலையத்திலும் அடிக்கும். மனிதர் யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

மணி அடிக்காத வாரம் கிடையாது. நெருப்பு இருந்த வாரமும் கிடையாது.

ஒரு நாள் ஊதுபத்தி. ஒரு நாள் கொசுவர்த்திச் சுருள். ஒரு நாள் தலைக்குக் குளித்த பெண் போட்ட சாம்பிராணி. பல நாட்கள் எதுவுமே இல்லை.

மகுடபதி முன்னணி தீயணைப்பு வீரர். பெர்னதெத்தைவிட வயதில் மூத்தவர், சர்வீஸிலும் மூத்தவர். எரிகிற நூல் கிடங்குக்குள் தவழ்ந்து போய் ஆளை இழுத்துக்கொண்டு வந்தவர். அந்த மனிதர் இன்னும் தீபாவளிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

"முன்னெல்லாம் மணி அடிச்சா நெஞ்சு முன்னால போகும், காலு பின்னால வரும்" என்றார் மகுடபதி. "இப்ப ரெண்டுமே போறதில்லைங்க."

பெர்னதெத் அடுத்த பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"நீங்க மட்டும் எப்படிங்க ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி ஓடறீங்க? பொய்யின்னு தெரிஞ்சே ஓடறீங்க. அது எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. வெக்கத்தை விட்டுத்தான் கேக்கறேன்."

பெர்னதெத் பூட்ஸைக் கழற்றினார். நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"நாளைக்குக் காலையில சின்ன ஏணியை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

*

மறுநாள் இருவரும் விடுதிக்குப் போனார்கள். வண்டி இல்லாமல், சைரன் இல்லாமல், ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு.

விடுதிக் காப்பாளர் சரோஜினி ஓடி வந்தார்.

"மணியே அடிக்கலையே மேடம்?"

"அதனாலதான் வந்தோம்" என்றார் பெர்னதெத்.

மூன்றாவது மாடியில் ஒரு அறைக்குள் ஏணியைப் போட்டார்கள். மகுடபதி ஏறி சென்சாரைத் திருகிக் கழற்றினார். உள்ளே வலைமூடி முழுக்கப் பஞ்சு. வேலை முடிந்து வரும் பெண்களின் தலையிலும் துணியிலும் ஒட்டி வந்த பஞ்சு. அந்தப் பஞ்சுக்குள் ஒரு சிறிய எட்டுக்கால் பூச்சி.

"இதுதாங்க அடிக்குது" என்றார் மகுடபதி. "இதுக்குத்தான் நாம ஆறு பேரு தொப்பியை மாட்டிக்கிட்டு வர்றோம்."

பெர்னதெத் கையை நீட்டினார். பூச்சி அவர் விரலில் ஏறியது. ஜன்னல் விளிம்பில் விட்டார்.

"உள்ள ஒண்ணு வந்துச்சு, அடிச்சுச்சு" என்றார். "இதுல பொய் சொன்னது யாரு அண்ணே?"

மகுடபதி பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டினார்.

அன்று மாலைவரை அறை அறையாகத் துடைத்தார்கள். சாம்பிராணி போடுகிறவர்கள் மொட்டை மாடியில் போட வேண்டும் என்று சரோஜினி சொன்னார். சமையலறையில் புகைபோக்கி விசிறி ஓடாமல் கிடந்தது. அதைச் சரிசெய்து தரும்படி பெர்னதெத் நிர்வாகத்துக்குச் சொன்னார்.

அதன்பிறகு மணி குறைந்தது. நிற்கவில்லை.

மகுடபதியின் கேள்வியும் நிற்கவில்லை.

*

மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்தது. தானாக அடிக்கும் மணிக்கு உடனே வண்டியை அனுப்ப வேண்டாம். முதலில் அந்தக் கட்டடத்துக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். நெருப்பு என்றால் போங்கள்.

மகுடபதிக்குப் பிடித்திருந்தது. அன்று மதியமே மணி அடித்தது. அவரே ஃபோன் போட்டார். விடுதி வாட்ச்மேன் எடுத்தார்.

"ஒண்ணுமில்லைங்க சார். எப்பவும் போலத்தான்."

மகுடபதி ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு பெர்னதெத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஒண்ணுமில்லையாங்க மேடம்."

பெர்னதெத் ஏற்கெனவே கோட்டை மாட்டியிருந்தார். கையை நீட்டி ரிசீவரை வாங்கினார்.

"அய்யா, நீங்க இப்ப எந்த மாடியில நின்னு பேசுறீங்க?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கேட்டுலதாங்க மேடம்."

"போய்ப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்ற ஆள் ஒருத்தர் இருந்தா, நான் நிக்கிறேன்" என்றார் பெர்னதெத். "பார்க்காம சொல்ற ஆளுக்காக நிக்க முடியாது."

வண்டி கிளம்பியது. மூன்றாவது மாடியில் யாரோ துணிக்கு வாசனை ஸ்பிரே அடித்திருந்தார்கள்.

திரும்பும்போது மகுடபதி வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். ரோட்டோரம் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சிரித்துக்கொண்டே எதையோ சொன்னார். என்ன சொன்னார் என்பது காதில் விழவில்லை. விழவேண்டிய அவசியமும் இல்லை.

பெர்னதெத் அந்த வாரமே விடுதியில் மாடிக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். மணி அடித்தால் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று பழக்கினார். பெண்கள் ஷிப்ட் மாறினார்கள். சிலர் வேலையை விட்டு ஊருக்குப் போனார்கள். சில மாடிகளில் ஆள் இருந்தது, சில மாடிகளில் இல்லை.

ஆள் பார்த்துச் சொன்னால் வண்டி நின்றது. ஆள் இல்லையென்றால் ஓடியது.

*

ஒரு நாள் பெர்னதெத் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். பகல் பதினொன்றுக்கு மணி அடித்தது. நாலாவது மாடி.

மகுடபதி வண்டியில் போனார். இறங்கினார். ஹெல்மெட் வண்டியிலேயே இருந்தது. படிகளில் நடந்துதான் ஏறினார்.

நாலாவது மாடி வராந்தாவில் மணி காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அறைக் கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே இருப்பவர்கள் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள்.

ஒரே ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கையில் செருப்பு. ஓடுவதற்குத் தயாராக வந்தவள்போல இருந்தாள்.

அவள் மகுடபதியைப் பார்த்தாள். அவருடைய வெறுந்தலையைப் பார்த்தாள். அவர் நடந்து வருவதைப் பார்த்தாள்.

செருப்பைக் கீழே போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

மறுநாள் மகுடபதி இதை பெர்னதெத்திடம் சொன்னார். மறைக்கவில்லை.

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் பெர்னதெத்.

"மணியை நிறுத்திட்டு இறங்கி வந்துட்டேனுங்க. நெருப்பில்லை."

"அந்தப் பிள்ளை பேரு என்ன?"

"கேக்கலைங்க."

பெர்னதெத் மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எனக்குத் தெரியுதுங்க மேடம்" என்றார் மகுடபதி. "நான் ஓடியிருந்தா அந்தப் பொண்ணும் ஓடியிருக்கும். புத்திக்குத் தெரியுது. நெஞ்சுக்குத் தெரிய மாட்டேங்குது. படிக்கட்டுல நின்னு என் நெஞ்சையே கூப்பிட்டுப் பார்த்தேன். வரலை."

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்கு அந்த ஓட்டம் வேணுங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல இருந்துச்சே, அது. வீட்டுல சோத்துல கை வெச்சிருந்தாலும் தெருவுல எங்கயாவது மணி சத்தம் கேட்டா எந்திரிச்சு நிப்பேன். சம்சாரம் சிரிப்பா. இப்ப அவளும் சிரிக்கறதில்லை, நானும் எந்திரிக்கறதில்லை. போனது திரும்ப வருமாங்க?"

பெர்னதெத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போனது திரும்ப வருமான்னு என்கிட்ட கேக்காதீங்க அண்ணே" என்றார்.

*

தெரியாத எண்ணிலிருந்து வரும் எந்த அழைப்பையும் பெர்னதெத் விட்டதில்லை. கடன் வேண்டுமா என்று கேட்பவர்களிடமும் முழுதாகக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லித்தான் வைப்பார். நிலையத்தில் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு காலை, அணிவகுப்பின் நடுவில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. பெர்னதெத் தள்ளிப் போய்ப் பேசினார்.

மகுடபதிக்கு அவர் பேசியது மட்டும் கேட்டது.

"வயசு எவ்வளவு இருக்கும்?"

"தமிழ்தான் பேசுறாரா?"

"கடல்னு சொல்றாரா?"

கடைசியாக, மிக மெதுவாக:

"இடது புருவத்துல தழும்பு இருக்கா, பாருங்க."

காத்திருந்தார். கேட்டார். ஃபோனை வைத்தார்.

அணிவகுப்பை முடித்துவைத்தார். எல்லோரும் கலைந்த பிறகு மகுடபதியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு எனக்கு லீவு. நீங்களும் லீவு போட முடியுமா அண்ணே? பாலக்காடு தாண்டி ஒரு இடத்துக்குப் போகணும். தனியாப் போகப் பயமா இருக்கு."

பெர்னதெத் பயம் என்று சொல்லி மகுடபதி கேட்டதே இல்லை.

*

பஸ்ஸில் பெர்னதெத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதில் ஒரு புதுச் சட்டை, இடுப்பில் கட்ட ஒரு கட்டம் போட்ட சாரம், ஒரு பொட்டலம் தூத்துக்குடி மக்ரூன்.

சட்டையை வெளியே எடுத்தார். காலர் பட்டையைப் பார்த்தார். உள்ளே வைத்தார்.

"அவனுக்கு முப்பத்தெட்டு சைஸ்" என்றார். "இளைச்சிருப்பான். அதனால முப்பத்தாறு எடுத்திருக்கேன்."

"யாருங்க மேடம்?"

"என் தம்பி. கஸ்பார்."

வாளையார் வந்தது. கணவாய்க் காற்று பஸ்ஸுக்குள் அடித்தது.

"கடலுக்குப் போனான்" என்றார் பெர்னதெத். "மறுநாள் புயல். படகு உடைஞ்சு பலகை கரை ஒதுங்குச்சு. கூடப் போனவங்க உடம்பு ஒதுங்குச்சு. அவன் ஒதுங்கலை."

"ஒதுங்கலைன்னா..."

"ஒதுங்கலை. அவ்வளவுதான் அண்ணே எனக்குத் தெரியும்."

மகுடபதி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கடலுக்குப் போனவன் எந்தக் கரையில வேணாலும் ஏறியிருக்கலாம். பேரு மறந்திருக்கலாம். வேற கப்பல்காரன் தூக்கியிருக்கலாம். அப்படி வந்தவங்க உண்டு. அதனால கடலோரத்துலயும் அதைத் தாண்டியும் இருக்கிற எல்லாக் காப்பகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவன் படத்தை அனுப்பினேன். என் நம்பரைக் குடுத்தேன்."

"கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடுவாங்க. மங்களூருக்குப் போனேன். ரத்னகிரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொல்லத்துக்குப் போனேன், மறுபடியும் கொல்லத்துக்குப் போனேன்."

"எல்லாம்..."

"எல்லாம் வேற யாரோ."

மகுடபதி அவர் மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் சட்டை எடுப்பீங்களாங்க?"

"எடுக்காமப் போனா எப்படி அண்ணே? கிழிஞ்சதைப் போட்டுக்கிட்டு இருந்தான்னா?"

"அந்தச் சட்டையெல்லாம்?"

"அங்கங்க யாரு இருந்தாங்களோ அவங்க போட்டிருப்பாங்க."

*

இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே பெர்னதெத் எழுந்து படிக்கட்டருகே நின்றுகொண்டார்.

பஸ் நின்றது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு செம்மண் பாதை. முடிவில் காப்பகத்தின் ஓட்டுக் கட்டடம்.

பெர்னதெத் நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். பிறகு ஓடினார். துணிப்பை இடுப்பில் மோதிக்கொண்டே இருந்தது.

பின்னால் வந்த மகுடபதிக்கு அந்த முதுகு தெரியும். விடுதிப் படிகளில் தனக்கு முன்னால் ஏறிப் போகும் முதுகு அது. ஒரு படிகூடக் குறையாத அதே வேகம்.

அவருக்கு மூச்சு வாங்கியது. அவரும் ஓடிக்கொண்டிருந்தார். எப்போது ஓடத் தொடங்கினோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

கேட்டில் ஒரு கன்னியாஸ்திரி நின்றிருந்தார்.

"வாங்க. அவர் சாப்பிட்டு வெளியில இருக்காரு" என்று கைகாட்டினார்.

பலா மரத்தடியில் ஒரு மனிதர் குந்தியிருந்தார். கையில் ஒரு நூல். இல்லாத வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த தோள். இடது புருவத்தில் தழும்பு.

பெர்னதெத் பத்தடி தள்ளி நின்றார்.

அந்த மனிதர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பெர்னதெத் நின்றுகொண்டே இருந்தார். பை மெல்ல அவர் தோளிலிருந்து நழுவி முழங்கைக்கு வந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

மகுடபதிக்குப் புரிந்துவிட்டது. போய்விடலாம் மேடம் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் பெர்னதெத் நடந்துபோய் அந்த மனிதருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

அவர் உற்றுப் பார்த்தார்.

"நீ எங்கக்காவா?"

"இல்ல தம்பி."

"எங்கக்கா வரும்."

"வரும்."

"நீ ஏன் வந்த?"

"கூப்பிட்டாங்க. வந்தேன்."

அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. முடிச்சைத் தொடர்ந்தார்.

பெர்னதெத் பையிலிருந்து சட்டையை எடுத்தார். ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். பட்டன்களைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். சட்டை அளவாக இருந்தது. சாரத்தை அவர் பக்கத்தில் வைத்தார்.

மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த மனிதர் ஒன்றை எடுத்து முகர்ந்தார். கடித்தார். இன்னொன்றை எடுத்து மகுடபதியிடம் நீட்டினார்.

மகுடபதி வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா பேரு என்ன தம்பி?" என்று கேட்டார் பெர்னதெத்.

"அக்காதான்."

"ஊரார் எப்படிக் கூப்பிடுவாங்க?"

நெடுநேரம் யோசித்தார். "சண்முகக்கனி."

"வீட்டுப் பக்கத்துல கோயிலா, மாதா கோயிலா?"

"உப்பு."

"உப்பளமா?"

"உப்பு. வெள்ளையா. கண்ணு கூசும்."

"வெயில் இறங்கும்போது சூரியன் கடல்ல விழுமா, தரையில விழுமா?"

"தரையில."

கேள்விகள் அப்படியே போயின. பெர்னதெத் அவசரப்படவில்லை. அவர் முகத்தில், எரிந்த வீட்டில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடும்போது இருக்கும் கவனம் இருந்தது. மகுடபதி பலமுறை பார்த்த முகம். இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

பிறகு பெர்னதெத் அவரைப் படம் எடுத்தார். உப்பளம் உள்ள கிழக்குக் கடலோர ஊர்களின் தீயணைப்பு நிலையங்களில் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் படத்தையும் அக்காவின் பெயரையும் அனுப்பினார். ஒருவரை அழைத்தும் பேசினார்.

"சண்முகக்கனின்னு ஒரு பொம்பளை. தம்பியைத் தேடிக்கிட்டு இருப்பா" என்றார். "கண்டிப்பாத் தேடிக்கிட்டு இருப்பா. நல்லா விசாரிங்க."

கிளம்பும்போது அந்த மனிதர் எழுந்து கேட்வரை வந்தார். புதுச் சட்டையின் பையில் இரண்டு மக்ரூன்களைப் பத்திரமாக வைத்திருந்தார்.

"அக்காகிட்டச் சொல்லு" என்றார்.

"சொல்றேன்" என்றார் பெர்னதெத்.

*

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை.

சட்டையைச் சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதம் பெர்னதெத்தின் கையில் இருந்தது. அதை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். இன்னும் மடித்தார். மடிக்க முடியாத அளவுக்கு வந்தபிறகு கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

மலைகள் பின்னால் போயின.

"மூக்கு அப்படியே அவன் மூக்கு மாதிரி இருந்துச்சு" என்றார்.

மகுடபதி தலையாட்டினார்.

பெர்னதெத் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். காற்று அவர் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கண்களை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. காற்றே காயவைத்தது.

ஊர் வந்ததும் மகுடபதி முதலில் இறங்கி, பெர்னதெத்தின் பையை வாங்கிக்கொண்டார். காலிப் பை. ஆனாலும் வீட்டு வாசல்வரை அவரே சுமந்துபோய்க் கொடுத்தார்.

*

உப்பளத்து ஊர்களிலிருந்து உடனே பதில் எதுவும் வரவில்லை. சில சண்முகக்கனிகள் கிடைத்தார்கள். அவர்களுக்குத் தம்பி இல்லை. அல்லது தம்பி வீட்டிலேயே இருந்தான். விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

பெர்னதெத் வழக்கம்போல வேலைக்கு வந்தார். தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தால் எடுத்தார்.

மகுடபதி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு வைத்திருந்த கேள்வி எங்கே போயிற்று என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தார். ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒரு மதியம் மகுடபதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. விடுதி. ஐந்தாவது மாடி. ஃபோனை யாரும் எடுக்கவில்லை.

அவர் கையைத் துடைத்துக்கொள்ள ஒரு துணியைத் தேடினார். கிடைக்கவில்லை. சோற்றுக் கையோடு கோட்டை மாட்டினார். ஹெல்மெட்டை மாட்டினார். பெர்னதெத் வண்டிக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே ஏறியிருந்தார்.

விடுதி வாசலில் வண்டி முழுதாக நிற்கவில்லை. குதித்து இறங்கினார். படிகளில் இரண்டிரண்டாகத் தாவினார். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டார்.

ஐந்தாவது மாடி வராந்தாவில் கதவுகள் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே ஓடினார்.

"எந்திரிங்க. கீழ போங்க. எல்லாரும் கீழ போங்க."

ஒரு நடுத்தர வயதுப் பெண் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே கேட்டாள்.

"நெசமாவாண்ணே?"

"தெரியாதும்மா" என்றார் மகுடபதி.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏய், எந்திரிங்கடி" என்று குரல் கொடுத்தாள்.

பின்னால் கதவுகள் திறந்தன. படிகளில் செருப்புகளின் சத்தம் தடதடவென்று இறங்கியது.

வராந்தாக் கோடியில் குளியலறைக்குப் பக்கத்து அறை. கதவைத் தள்ளினார். உள்ளே வெள்ளையாக இருந்தது. யாரோ வாளித் தண்ணீரில் சூடாக்கும் கம்பியைப் போட்டுவிட்டுத் தூங்கிப் போயிருந்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அறை முழுக்க ஆவி.

பிளக்கைப் பிடுங்கினார். ஜன்னலைத் திறந்தார்.

பிறகு அறை அறையாகப் போனார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கழிப்பறைக் கதவுகளைத் தட்டித் திறந்து பார்த்தார். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார். கடைசிக் கதவையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

முற்றத்தில் வெயிலில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். இரவு ஷிப்ட்காரிகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிலர் போர்வையோடு, சிலர் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு. பெர்னதெத் மாடிவாரியாக அவர்களை நிறுத்தி, சரோஜினியோடு சேர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகுடபதி அவர் முன்னால் வந்து நின்றார். மூச்சிரைத்தது.

"என்ன அண்ணே?"

"அஞ்சாவது மாடிங்க. வெந்நீர் ஆவி."

"ம்."

"ரூம் ரூமாப் பார்த்துட்டேனுங்க மேடம். மேல யாரும் இல்லை. எல்லாரும் இங்க இருக்காங்க."

பெர்னதெத் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, மெதுவாக.

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணே."

"எல்லாரும் இருக்காங்க மேடம்."